மூன்றாம் குழுவுக்குச் செம்பு

முதல் குழுவுக்கு இரும்பாணி. இரண்டுக்கு அலுமினியம்.
நான்காம் குழு அடுப்புக்கரியோடு
முகம் சுளித்து நின்றது.
எங்களுக்குச் செம்பு.
வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றதால்
வசந்தமாறன் கொண்டுவந்தான்,
டிபன் பாக்ஸில் சுருட்டி, ஒரு முழத்துக்கு மேல்.
ஸ்டெல்லா டீச்சர் கேட்டது ஒரு சாண்.

கறுத்திருந்தது.
ஒரு நுனியில் உருகி உறைந்த பிளாஸ்டிக்,
நீல நிறம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
வலங்கைமானில் அந்த மாதம்
எல்லா மூக்குக்கும் பழகியிருந்தது
குடமுருட்டிக் கரை நாணலுக்குள்
ராத்திரியில் வயர் எரிகிற நாற்றம்.

எங்கள் போர் செட்டில் அறுத்துப்போனது எண்பது அடி.
சிவப்பு, மஞ்சள், நீலம்.
ஆற்றில் தண்ணீர் வரப் பதினோரு நாள் ஆகும் என்றார்கள்,
நாற்றங்கால் ஆறு நாள்தான் பொறுத்தது.
அப்பா ஸ்டேஷனுக்கு மூன்று நடை நடந்து
ஒரு ரசீது வாங்கிவந்தார்.

முதலில் பல்பு எரியவில்லை.
பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம்.
"கரிய எடுக்கணும்" என்று சொன்னது நான்தான்.
பென்சில் சீவுகிற பிளேடால் சுரண்டினேன்.
உள்ளே சிவப்பு,
இப்போதுதான் அறுத்தது மாதிரி.
பல்பு எரிந்தது.
யாருடைய செம்பு என்று விசாரித்துவிட்டு ஓடுகிற வழக்கம்
மின்சாரத்துக்குக் கிடையாது.

சுத்தியலால் அடித்தோம். தகடானது.
நான்காம் குழுவின் கரி ஒரே அடியில் சிதறி
ஷமீமாவின் வெள்ளைத் தாவணியெல்லாம் பொட்டு.
வகுப்பே சிரித்தது.
வசந்தமாறன் தகட்டின் விளிம்பைத்
தடவிக்கொண்டிருந்தான்.

பிறகு சூடு.
மீதிக் கம்பியில் மெழுகு வைத்து நான்கு குண்டூசி.
மெழுகுவத்தி அவன் கையில்,
மறுநுனி என் கையில்.
ஒன்று விழுந்தது. இரண்டு.
மூன்றாவது கொஞ்சம் யோசித்து விழுந்தது.
"சுடுதுல்ல, விட்டுரு" என்றான்,
என்னைப் பார்க்காமல்.
"இன்னும் ஒண்ணு இருக்கு."

இரண்டு நிமிடம், பத்து விநாடி.
ரெக்கார்டு நோட்டில் அதற்கொரு கட்டம் இருந்தது.
நிறம், பளபளப்பு, வளையுமா, உடையுமா,
எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.
எங்கே கிடைத்தது என்பதற்கு இல்லை.
இருந்திருந்தால்
யார் எழுதியிருப்போம், தெரியவில்லை.
அவன் கையெழுத்துதான் எங்கள் குழுவில் நல்ல கையெழுத்து.

"மிச்சத்த லேபுக்கு வச்சுக்கட்டுமா?"
டீச்சர் அவனிடம்தான் கேட்டார்.
அவன் என்னைப் பார்த்தான்.
அப்போதுதான் தெரிந்தது, அவனுக்கும் தெரியும் என்று.
வெந்த விரலை ஊதிக்கொண்டே
தலையாட்டினேன்.

ஓசை எழுப்புமா என்கிற கட்டம் காலியாகவே இருந்தது.
கம்பியைத் தரையில் போட்டோம்,
பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.
அதற்குள் வெளியே மணி அடித்தார்கள்.
வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு,
எந்தப் பாதையிலிருந்து வந்ததோ,
ஊர் முழுக்கக் கேட்டது.