தொண்ணூற்று நான்கு மில்லி

ஒன்பது கிலோ நானூறு கிராம்.
இரண்டு முறை நிறுத்தேன்,
இரண்டாம் முறை டயப்பரைக் கழற்றிவிட்டு.
இவ்வளவு சின்ன உடம்புக்கு
டயப்பரும் கணக்கில் சேரும்.

முஹர்ரக்கில் காலை ஏழே கால்.
ஜூலையின் புழுக்கம் வெளிக்கண்ணாடியில் வியர்த்து வழிகிறது.
பிள்ளை குளிர்ந்துவிடக் கூடாதென்று
தியேட்டரிலும் ஏசியை ஏற்றி வைத்திருக்கிறோம்.
சர்ஜன் ஃபவாஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டே முணுமுணுக்கிறார்.

பெயர் ராஷித். பதினான்கு மாதம்.
இடது சிறுநீரகத்தில் கட்டி,
அவன் அப்பா எங்களிடம் கேட்கையில்
முஷ்டியை மடக்கிக் காட்டினாரே, அந்த அளவு.

மணிக்கட்டுத் தமனி நூல்போல நழுவியது.
டாக்டர் நெர்மீன் இருமுறை தேடிவிட்டு
'போதும், குத்த வேண்டாம்' என்றார்.
சுட்டுவிரலில் ஒரு பட்டை சுற்றினேன்.
அதில் சிவப்பாய் ஒரு பொட்டு வெளிச்சம்:
தோலைக் கிழிக்காமல் உள்ளே போய்
விசாரித்து வரும்.

வெண்டிலேட்டர் ஊதினால் அலை குள்ளமாகிறது,
விட்டால் நிமிர்கிறது.
குள்ளத்துக்கும் நெட்டைக்கும் இடைவெளி பெருத்தால்
இன்னும் குடிக்க இடமிருக்கலாம் என்று அர்த்தம்.
இருக்கலாம், அவ்வளவுதான்.
விரல் குளிர்ந்தால் அது பொய் சொல்லும்.
அதனால் பஞ்சு வைத்துச் சுற்றியிருக்கிறேன்.

போன ரமலானில் ஒரு சிறுமி.
மணிக்கு இவ்வளவு என்று அட்டவணை சொன்னதைக் கொடுத்தோம்,
அதற்கு மேலும் கொடுத்தோம்,
பாவம், காய்ந்திருப்பாளே என்று.
மறுநாள் அவளுக்கு இமை பிரியவில்லை.
'இது எங்க பாப்பா இல்ல' என்று
அவள் அண்ணன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.
மூன்று நாள் கூடுதலாக மூச்சுக்குழாய்.
யாரும் யாரையும் திட்டவில்லை.
இரக்கத்திலும் ஆளை மூழ்கடிக்கலாம்.

இந்த நாட்டின் பெயருக்கே இரு கடல் என்று பொருள்.
உப்புக்கடலின் அடியில் நன்னீர் ஊற்று இருந்ததாம்,
தோல்பையோடு மூழ்கி மொண்டு வருவார்களாம்,
டாக்சிக்காரர் சொன்னார்.
மேலே நின்று பார்த்தால்
எல்லாம் ஒரே நீலம்.

ஒன்பது பத்து. எண் பதினொன்று.
பதினான்கு.
பத்தொன்பது.
சிறுநீர்ப் பையில் ஒரு சொட்டும் சேரவில்லை.
நெர்மீன் மூன்று நிமிஷம் வெறுமனே பார்த்தார்.
பிறகு, கிலோவுக்குப் பத்து:
ஐம்பது ஒரு சிரிஞ்சில், நாற்பத்து நான்கு இன்னொன்றில்.
என் பெருவிரல் மெதுவாக அழுத்த
அலைகள் ஒன்றன் தோளுக்கு ஒன்று சமமாகி
எண் ஒன்பதில் நின்றது.

பத்து ஐந்துக்குச் சட்டென்று இருபத்து நான்கு.
பிரஷர் சரிகிறது.
என் கை அதற்குள் அடுத்த சிரிஞ்சை நிரப்பிவிட்டது;
கைக்கு அவசரம் அதிகம்.
'நில்லு சகாயம்.
தாகம் இப்படி ஒரே மூச்சில் வராது.
ஃபவாஸ், உங்க கொக்கியைக் கொஞ்சம் தளர்த்துங்க.'
தளர்த்தினார்.
கீழிருந்து இதயத்துக்கு ஏறும் பெரிய சிரை
இரும்புக்கடியில் மடங்கிக் கிடந்தது.
தண்ணீர் இருந்தது,
வாசலில்தான் யாரோ நின்றிருக்கிறார்கள்.

ஆறு மூச்சு எண்ணினேன்.
பதினாறு. பன்னிரண்டு. பத்து.
நிரப்பிய சிரிஞ்ச் என் கையில் அப்படியே கனத்தது.
அதைக் குப்பையில் போட்டதைப் போல
எதையும் நான் அத்தனை சந்தோஷமாகப் போட்டதில்லை.

தாழ்வாரத்தில் அவன் அம்மா
கட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.
'விடியலிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையே,
தாகமாக இருப்பானா?'
என் அரபியில் இருந்ததெல்லாம் இரண்டு சொல்:
'இல்லை. பார்த்துக்கொண்டோம்.'
இரண்டுக்கு மேலேயே ஆகிவிட்டதோ என்னவோ.
அவள் தலையசைத்தாள்.

பட்டை ஒரு முறைதான், அதையும் எறிந்தாயிற்று.
பெரியவர்களுக்கான கிளிப்பைத் துடைக்கையில்
என் விரலில் மாட்டிப் பார்த்தேன்.
அலை குதித்தது, எண் முப்பதைத் தாண்டியது.
நெர்மீன் சிரித்தார்:
'சொந்தமாக மூச்சு விடுகிறவருக்கு
அந்த எண் செல்லாது.
போய் ஒரு பாட்டில் தண்ணி குடி.'