பக்கெட் வாடகை

லாரி வரவில்லை.
கரூரில் டயர் வெடித்தது என்றான் டிரைவர்,
பிறகு நாமக்கல்லில்,
ராத்திரி பத்து மணிக்கு மறுபடியும் கரூரில்.
"ஒரே டயரு எத்தன ஊர்ல வெடிக்கும்?" என்று
ஜெயசிங் போனில் கத்தியபோது
சத்துவாச்சாரியின் காலி வீடு
அந்தக் கத்தலைத் திருப்பிக் கத்தியது.
பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று.
ஆட்லின் ஒவ்வோர் அறையிலும்
தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான்.
ரெனிலா ஊர்ப் பெயரைச் சொன்னாள்,
மார்த்தாண்டம்.
சுவர் பாதியைத்தான் திருப்பித் தந்தது.

மே மாதம்.
குளிக்கத் திறந்த குழாயில் வெந்நீர்.
"மாடித் தொட்டிங்க, அப்படித்தான்" என்றார் வீட்டுக்காரர்.
அட்வான்ஸ் வாங்கும்போது
எத்தனை பேர், எத்தனை வண்டி,
மீன் பொரிப்பீர்களா என்றெல்லாம் கேட்டவர்
தண்ணீரைப் பற்றி நாங்கள் கேட்டதும்
பாலாற்றுப் பக்கம் கையை நீட்டினார்.
காட்பாடியிலிருந்து வரும்போது பாலத்தில் பார்த்திருந்தேன்.
மணல், முள்செடி,
ஸ்டம்பு நட்டு ஆடிக்கொண்டிருந்த பையன்கள்.
"ஆறு பாரு மக்களே" என்றதற்கு
ஆட்லின் அந்தக் கரை வரைக்கும் பார்த்துவிட்டு
"எங்கம்மா?" என்றான்.

செய்தித்தாள் விரித்துப் படுத்தோம்.
காலையில் ரெனிலாவின் முழங்கையில்
தலைகீழாக ஒரு வரன் விளம்பரம்.
போட்டிருந்த ஒரே சட்டையை அலசிப் போட்டார் ஜெயசிங்,
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் அன்றுதான் முதல் நாள்.
பத்து நிமிஷத்தில் காய்ந்துவிட்டது.
இந்த ஊரைப் பற்றி அவர் சொன்ன
முதல் நல்ல வார்த்தை அதுதான்.

பாயும் பக்கெட்டும் வாங்கப் போனேன்,
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துக்கு.
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் போர்டுகள்.
"தீதி, கீ லாக்பே?" என்றார் கடைக்காரர்.
விழித்தேன். இந்தியில் கேட்டார். அதற்கும் விழித்தேன்.
"அட, தமிழா? பேஷண்ட் யாரு?"
"யாருக்கும் ஒண்ணுமில்ல. குடி வந்திருக்கோம்."
அவர் நம்பவில்லை.
இப்படிச் சொல்லும் எத்தனையோ பேரைப் பார்த்த
ஒரு மெதுவான குரலில் கேட்டார்:
"பக்கெட்டு விலைக்கா, வாடகைக்கா?
ஸ்டவ், குக்கர், தலகாணி எல்லாம் வாடகைக்கும் உண்டு.
ஊருக்குப் போறப்ப திருப்பிக் குடுத்துடலாம்."

ஊருக்குப் போறப்ப.

வாடகைக்கு என்று வாய் சொல்லிவிட்டது.
நீலப் பக்கெட். அடியில் பெயிண்டில் எண் நாற்பத்தேழு.
வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் லாரி வந்தது.
பீரோ கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு,
அதில் பார்த்தால் எனக்கு இரண்டு கழுத்து.
'சமையல்' என்று எழுதிய பெட்டியில் செருப்புகள்.
தோசைக்கல் பதினோரு நாள் கழித்து
கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு நடுவில் கிடைத்தது,
அதுவரை ஓட்டல் இட்லி.
எங்கள் பக்கெட் மூன்றும் பத்திரமாக வந்தன.
நாற்பத்தேழைக் குளியலறையில் நான்காவதாக வைத்தேன்.

பழக்கடையில் சக்கை இருக்கா என்று கேட்டேன்.
அந்தப் பெண் கரும்பு மெஷினுக்குக் கீழே
பிழிந்து போட்ட குவியலைக் காட்டினாள்.
"மாட்டுக்காக்கா?"
பள்ளிக்கூடத்தில் ரெனிலாவை மலையாளியா என்று கேட்கிறார்களாம்.
முதலில் அழுதாள்.
பிறகு ஆமாம் என்று சொல்லிவிட்டு
மலையாளத்தில் திட்டுவதாக நினைத்து
எங்கள் ஊர்த் தமிழில் திட்டினாளாம்.
இப்போது இரண்டு சிநேகிதிகள்,
திட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

மாதம் பிறந்தால் சந்துக்குப் போவேன்.
நான்காம் மாதம் ஜெயசிங்கிடம் ரசீதுகள் சிக்கின.
கணக்குப் பிரிவு ஆள் அல்லவா,
கூட்டிப் பார்த்தார்:
"பக்கெட்டு வெலய தாண்டியாச்சுட்டீ."
ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.
போன வாரம் கைப்பிடி ஒடிந்தது.
எடுத்துக்கொண்டு போனேன், அபராதம் கேட்பாரோ என்று.
கடைக்காரர் எண்ணைப் பார்த்தார்,
நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"என்னம்மா, இன்னும் டிஸ்சார்ஜ் ஆகலியா?"

இல்லை என்றேன்.
புதுக் கைப்பிடி ஒன்றை மாட்டித் தந்தார்.