ஏழு மணிக்கு முன் பேசிவிடுங்கள்

லிமாவுக்குக் கிழக்கே புல் முளைக்காத பள்ளத்தாக்கு.
ஆயிரக்கணக்கில் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டி
மல்லாந்து கிடக்கிறது எங்கள் ரேடார்.
இரவுப் பணி எனக்கும்
ஒரு மஞ்சள் நாய்க்கும்.

பொழுது சாய்ந்ததும்
முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில்
பிளாஸ்மாவின் அடி கரைகிறது, மேல்பாரம் நிற்கிறது.
எண்ணெய்க்கு மேல் ஊற்றிய தண்ணீர்
எத்தனை நேரம் நிற்கும்?
குமிழி குமிழியாய் வெறுமை மேலேறும்.
திரையில் அது சிவப்புப் புகை, நிமிர்ந்து, பிறகு சாய்ந்து.
அழகு என்று அறிக்கையில் எழுதக் கூடாது.
'சிதறல்: கடுமை' என்று எழுதுவேன்.

அந்நேரம் பார்த்துப் புக்குசானாவிலிருந்து எர்மெலிண்டா கூப்பிடுவாள்.
கணவாய்ப் படகுகளுக்கு ரேடியோ பிடிப்பவள்.
மாடியில் ஒரு பெட்டி, ஒரு கம்பி, கால் ஆடும் நாற்காலி;
இருநூறு மைலுக்கு அப்பால் இருபத்தாறு படகுகள்.
"உன் வானம் மறுபடி என் ஆட்களை விழுங்கிவிட்டது.
எப்போது துப்பும்?"

அவளிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று.
கணவாய் விலை, ஐஸ் கடன்,
நடுநடுவே:
8.10 குரல் நடுங்குது.
8.25 இல்லை.
11.40 தியோபிலோ, பாதி.
நாலு வருடம் இப்படி.
பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து அனுப்பினாள்.
என் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.
என் சூத்திரம் தவறவிட்ட ஒன்பது இரவுகளும்
அங்கே இருந்தன,
மீன் விலைக்குப் பக்கத்தில்.

அக்டோபரில் முதல்முறையாக முன்கூட்டிச் சொன்னேன்:
இன்று எழும்.
ஏழு மணிக்கு முன் பேசிவிடுங்கள்.

ஆறரைக்கே மாடிப்படி நிறைந்துவிட்டதாம்.
இருபத்தாறு வீடும் ஒரே அலைவரிசையில்.
ஒருத்திக்குப் பிள்ளைக்குப் பல் முளைத்த சேதி,
ஒருத்திக்கு டீசல் கணக்கு,
ஒருத்தி வெறும் பெயரைத் திரும்பத் திரும்ப.
கடலிலிருந்தும் அத்தனை பேரும் ஒரே மூச்சில்.
ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை.

அன்று குமிழி எழவில்லை.
திரை விடியும்வரை கழுவி வைத்த தட்டு.
எட்டு, ஒன்பது, பத்து.
மேலே கீறல் இல்லாத வானம்,
கீழே கூட்டம் கலைந்த மாடி.
நாய் மட்டும் எதையோ குரைத்தது.

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது
நோட்டின் படம் வந்தது:
'இரவு முழுக்க நல்ல வானம். யாரும் பேசவில்லை.'
அதற்கும் கீழே, பேனா மாறி,
'11.15 தியோபிலோ. இருமினான்.
சுத்தமாய்க் கேட்டது.'