தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு
என் மேசைக்கு வந்தது சுற்றறிக்கை.
சிங்களத்தில் ஏழு பக்கம், ஆங்கிலத்தில் ஐந்து.
கோதுமைக் கதிரை வெளிறவைத்துச் சாவியாக்கும் பூசணம்
எங்கேயோ ஒரு கண்டத்தில் எல்லை தாண்டிவிட்டதாம்.
அவசரம் என்று சிவப்பு முத்திரை.
முத்திரைக்கு மேலே யாரோ வைத்தெடுத்த
தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.

கோதுமைச் செடியை நான் கண்டது
பிஸ்கட் பக்கெற்றில்தான்.
விதைக்காத பயிருக்கு வந்த நோய்க்கு
இங்கே என்ன பதற்றம் என்று கேட்டேன்.
தாவரத் தொற்றுத்தடுப்பு விதானகே
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதன்ட ஒன்றுவிட்ட தம்பி நம்ம நெல்லில இருக்கிறான்.
அண்ணன் வந்தா சும்மா பார்த்திட்டுப் போவானா?"
மூன்று இரவாக அவர் வீடு போகவில்லை.
கப்பலில் எடுத்த நானூறு மணிகளை
ஈர ஒற்றுத்தாளில் வரிசையாய்க் கிடத்தி
ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல.

கப்பல் வெளிக்கடலில் நின்றது.
காலிமுகத்திடலில் இறால் வடை தின்றவர்கள்
அதன் விளக்குகளைப் படம் பிடித்தார்கள்.
தாமதக் கட்டணம் டொலரில் ஏறியது.
அமைச்சில் ஒரு குழு, குழுவுக்கு ஓர் உபகுழு.
கூட்டத்தின் நடுவில் மீன் பணிஸ் வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை,
ஒருவரும் மிச்சம் வைக்கவுமில்லை.

எனக்கு இடறியது ஒரேயொரு சொல்.
நோயின் பெயர்.
நெல்லில் வந்தால் திணைக்களத்துச் சொற்கோவை அதை
எரிபந்தம் என்கிறது.
வயலுக்கு அந்தச் சொல் பழக்கம்.
கொழும்புச் சுவருக்கு?

குலைநோய் என்று எழுதினேன்.
அது அக்கரைச் சொல் என்று வெட்டினார்கள்.
கதிர்க்கருகல் என்றேன்.
கருகல் வேறு நோய் என்று
பேராதனையிலிருந்து தொலைபேசி வந்தது.
"சொற்கோவையில் உள்ளதைப் போடுங்க, மிஸிஸ் தயாபரி,
கவிதையா எழுதுறீங்க?" என்றார் பணிப்பாளர்.
போட்டேன்.

திங்கட்கிழமை மற்ற இரண்டு மொழிகளும் வெளியே போயின.
அடியில் சின்ன எழுத்தில்:
தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்.

அது வியாழன்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனது.
பசை காயாத தாள்,
பேக்கரிக் கதவுக்குப் பக்கத்தில்.
எரிபந்தம்.
கீழே என் கையால் வந்த சுத்தமான தமிழ்:
சந்தேகத்திற்குரியவை இனங்காணப்பட்டு
அடையாளமிடப்பட்டு எரிக்கப்படும்.

மரியசீலன் மூன்று வரிதான் வாசித்தாராம்.
போறணையில் பாண் இருக்க
ஷட்டரை இழுத்துவிட்டார்.
பொடியன்களைப் பின்பக்கத்தால் அனுப்பினார்.
அவருடைய முதல் கடை இருந்த இடத்தில்
இப்போது வாகனத் தரிப்பிடம்.
நாற்பது வருடமாய் அவர் அந்த வீதியால் போவதில்லை.

எனக்கு இதைச் சொன்னவள்
அங்கே கணக்கு எழுதும் ஜெசிந்தா.
சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள்.

ஏழாம் நாள் நானூறு மணியும் முளைத்திருந்தன.
ஒன்றிலும் சாம்பல் பூக்கவில்லை.
விதானகே மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார்.
கப்பல் உள்ளே வந்தது.
பாண் பத்து ரூபாய் கூடியது,
அதற்கு மட்டும் சுற்றறிக்கை வேண்டியிருக்கவில்லை.

தடை நீங்கிய அறிவித்தலும் என்னிடம் வந்தது.
சிங்களத்தில் நோய் அன்றைக்கே போய்விட்டது.
தமிழில் இன்னும் மூன்று நாள் இருக்கும்,
கையொப்பம், முத்திரை, அச்சு, பசை.

நான் காத்திருக்கவில்லை.
மாலை நூற்றெழுபத்தாறில் ஏறிப்போய்
பாதி திறந்த ஷட்டருக்குள் குனிந்து
ஒரு றாத்தல் பாண் கேட்டேன்.
அவர் தாளில் சுற்றிக்கொண்டே
என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார்.
"எரிக்கிறது முடிஞ்சுதா, பிள்ளை?"

முடிந்துவிட்டது என்று சொல்ல
எனக்கு மூன்று மொழி தெரியும்.
மிச்சக் காசை எண்ணாமல் வாங்கினேன்.
பாண் இன்னும் சுட்டது.