ஓம்

செந்தூலுக்கு வந்த மூன்றாம் நாள்
மளிகைக் கடையில் "சீனியும் வேணுமா?" என்று கேட்டார்கள்.
ஓம் என்றேன்.
கல்லாவில் இருந்தவர் சிரித்தார்:
"என்ன தங்கச்சி, கடையிலயே சாமி கும்பிடற?"

அன்றைக்குத்தான் விளங்கியது
(இல்லை, புரிந்தது)
எங்களைக் காட்டிக்கொடுக்க
வேறு ஆள் தேவையில்லை என்று.

அப்பா பாடாங் பெசாரில் இறங்கிவிட்டார்.
லொறியை மறித்து
முட்டைக்கோஸ் பெட்டிகளின் மேல்
டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார்கள்.
வெளிச்சம் எங்களிடம் வர முந்தி
அவராகவே எழும்பிக் கையைத் தூக்கினார்.
அம்மா இன்னும் வவுனியாவில்,
ஞாயிறுகளில் மட்டும் ஒரு குரல்.

சாருஜனுக்கு ஏழு வயது.
எட்டாம் மாடி. ஓடாத லிஃப்ட்.
பதினொரு பேர் படுக்கும் வீட்டில்
சப்பாத்துகள் கழற்றும் இடம் எங்களுக்கு.
எல்லோரும் வேலைக்குப் போனபின்
பாடம் தொடங்கும்:
கதைக்காதே, பேசு.
பாண் இல்லை, ரொட்டி.
கெதியா என்று சொல்லாதே.
துவாய், துண்டு. தேத்தண்ணி, தே ஓ.
பிழைவிட்டால் காதைத் திருகுவேன்.
அவனுக்கு அது விளையாட்டு,
ஒருநாள் நான் பலமாகத் திருகும்வரை.
"அம்மா!" என்று கத்தினான்.
அந்தச் சொல்லில் திருத்த ஒன்றுமில்லை.
கையை எடுத்தேன்.

வெங்காயம் உரித்துக் கூலி வாங்கி
எல்.ஆர்.டி. படியிறங்கிய ஒரு வெள்ளி இரவு
போலீஸ் மறித்தது. நம்மாள்தான்,
மீசையும் தமிழுமாய்.
"எந்தப் பள்ளிக்கூடம்டா? ஐ.சி. எங்க?"
எனக்கு நாக்கு ஒட்டிப்போனது.
சாருஜன் முன்னால் போய் நின்றான்.
"வீட்ல இருக்கு அங்கிள்.
அப்பா லோரி ஓட்டறாரு,
அம்மா சமைச்சிட்டு காத்துக்கிட்டு இருப்பாங்க லா."
அவர் அவன் தலையைத் தட்டி
"சீக்கிரம் போங்க" என்றார்.

ஒரு பிழையும் இல்லை.
எட்டு மாடியும் ஏறி முடியும்வரை
நாங்கள் எதுவும் பேசவில்லை, கதைக்கவுமில்லை.
கதவைத் திறக்கும்போது மட்டும் கேட்டான்,
"என்ன சமைச்சிருப்பா?"

ஞாயிறு அம்மா எடுத்தா.
கார்டில் நாலு நிமிடம் மிச்சம்.
"சாப்பிட்டியோ அப்பன்?"
"சாப்ட்டேன்மா. இங்க நல்லா இருக்கு லா."
அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்.
பிறகு அம்மா, வேறு யாரிடமோ கேட்பதுபோல,
"ஆர் கதைக்கிறது?
போனைத் தம்பியிட்டக் குடுங்கோ."

சாருஜன் என்னைப் பார்த்தான்.
நான் தலையாட்டினேன்.
நம்பவில்லை. திரும்பவும் பார்த்தான்.

"சாருஜனோ? அம்மா கதைக்கிறன். நீதானோ?"

சும்மா இருந்த கையால்
மற்றக் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு,
என் கைக்கு எட்டாமல் சுவரோடு ஒதுங்கி,
மெல்லச் சொன்னான்:

ஓம்.