அரைக் கட்டை

ஓமாரு. ஜூலைக் குளிர். தேவாலயத்தின் பின்கூடம்.
இருந்த ஒரே ஹீட்டரைத்
தேர்வாளர்கள் மூவரும் காலடியில் இழுத்துக்கொண்டார்கள்.
எனக்கு வாய்த்தது பியானோ,
ஒற்றைக் கையுறை (ஜோடியைக் காணோம்),
இருபத்தேழு பெயர் கொண்ட தாள்.

பெண்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டு, அதே பதினாறு வரி:
சுங்க அதிகாரியின் மகள் மாடத்தில் நின்று
கடத்தல்காரனை நினைத்து உருகுகிறாள்.
வயது பத்தொன்பது என்கிறது புத்தகம்.
அவள் உருகி உருகி
எனக்குச் சுண்டுவிரல் மரத்துவிட்டது.

ஆண்கள் நாலு பேர்தான்.
படைக்குப் பன்னிரண்டு சிப்பாய் வேண்டும்.
தேசிய கீதம் மட்டும் தெரியும் என்றவரை எடுத்தாயிற்று.
மனைவியை அழைத்துப்போக வந்து
வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தவரை
உயரம் பார்த்தே எடுத்தாயிற்று.

நான் மதிப்பெண் போடுகிறவள் இல்லை.
ஆனால் மூச்சு முதலில் எனக்குத்தான் தெரியும்.
வாய் திறக்குமுன் தோள் சொல்லிவிடும்.

பதினெட்டாவது, நெட்டா கோரிகன்.
பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் இருப்பவள்,
ஊரில் பாதி வாய்களின் கணக்கு அவளிடம்.
பதினோரு வருடமாக மகள், மணப்பெண், இளவரசி;
ஐம்பத்தெட்டு வயதுக்கு எந்த உடையும் இன்னும் பிரிக்கப்படவில்லை.
போன வருடம் உச்சியில் குரல் கீறியபோது
முன்வரிசை மொத்தமும் சேர்ந்து இருமியது,
அன்பினால்.

அவள் தோளைப் பார்த்தேன்.
பாட்டு முழுக்க வெள்ளைக் கட்டை.
அரைக் கட்டை இறக்கினால்
ஐந்து கறுப்பும் குறுக்கே வந்து நிற்கும்.
யாரையும் கேட்கவில்லை. இறக்கினேன்.
விறைத்த விரலால் கறுப்பில் தத்தித் தத்தி
அவளுக்கு ஒரு படியைத் தாழ்த்திப் போட்டேன்.
ஏறி நின்றாள்.
காலம் ஸ்ட்ராகனின் பென்சில் கரகரவென்று எழுதிற்று.
டிராக்டர் விற்கும் மர்ரே கண்ணைத் துடைத்தார்;
அவருக்குச் சளியும் இருந்தது.

பத்தொன்பதாவது, டெகன்.
பாலாடைக்கட்டி ஆலையிலிருந்து நேராக வந்தவள்,
தலைவலையின் தடம் நெற்றியில் சிவப்பாக.
நான் பழையபடி வெள்ளைக்குத் திரும்பினேன்.
பாதிச் சொற்களை விழுங்கினாள், கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
உச்சி வந்ததையே கவனிக்காமல்
அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

சமையலறையில் கோப்பை அலம்பும் சத்தம் நின்றது.

குழாயை மூடாமலே வந்தாள் நெட்டா.
"ஐலீன், அவளுக்கு வாசித்ததை எனக்கு வாசி."
உங்கள் முறை முடிந்தது என்றார் ஸ்ட்ராகன்.
"என் முறை வரவேயில்லை" என்றாள்.

வாசித்தேன். வேறென்ன செய்ய.
பதினான்காம் வரிவரை அழகு, பழைய அழகு.
பதினைந்தில் வாய் திறந்திருந்தது,
காற்று வந்தது,
சுரம் வரவில்லை.
இந்த முறை ஒருவரும் இருமவில்லை.
குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ராகன் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள்.
தன் விண்ணப்பத்தில் 'மகள்' என்பதை அடித்து
'அத்தை' என்று எழுதினாள்.
அத்தைக்கு நாலு வரி வசனமும் ஒரு பொம்மைக் கிளியும்.
கிளி யாருடையது என்று கேட்டாள்.
சங்கத்துடையது என்றார் மர்ரே, ஒரு கண் இல்லை என்றார்.
"போதும்."

போகிற வழியில் பியானோ மேல் சாய்ந்து,
யாருக்கும் கேட்காமல்:
"அடுத்த தடவை
என்னைக் கேட்டுவிட்டு இறக்கு."

கேட்டால் சரி என்பாளா, அறைவாளா,
அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
கையுறையின் ஜோடி அவள் கோட்டுப் பையிலிருந்து
எட்டிப் பார்த்தது.
என்னுடையதுதான்.
கேட்கவில்லை.

இன்னும் எட்டுப் பேர்.
இருபதாவதாக வந்த ஆள் தபால்காரர், தாடிக்காரர்.
சிப்பாய்ப் பாட்டு வேண்டாம்,
மகளின் பாட்டுத்தான் மனப்பாடம் என்றார்.

எந்தக் கட்டை என்று கேட்டேன்.