ஆட்சேபணை எவருக்கும் இல்லை

பதினொரு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.
சிலோயேவுக்குக் கிழக்கே,
படகு வந்தால்தான் கிழமை தெரிகிற சின்னத் தீவு.
எட்டு ஆசிரியர்கள், ஒரு விறகடுப்பு,
அறுபத்திரண்டு பிள்ளைகள்,
மற்றபடி மழை.

மார்ச்சில் புதுத் தலைமையாசிரியை வந்தார்,
கிரிசெல்தா அல்வராதோ.
புவேர்த்தோ மோன்ட்டிலிருந்து
நனையாத கோப்பில் ஒரு திட்டம்:
மணியடித்து நறுக்கும் பாடவேளை இனி இல்லை.
இரண்டு வகுப்பு ஓர் அறையில்,
இரண்டு ஆசிரியர் ஒன்றாய் நிற்க,
பிள்ளைகள் கேட்பார்கள், பிள்ளைகளே தேடுவார்கள்.
பள்ளி விடுவது நாலரைக்கு.

திரையில் அம்புக்குறிகள் ஓடின.
நல்ல திட்டம்தான், நானே தலையாட்டினேன்.
"கேள்வி உண்டா?" என்றார்.
அடுப்பில் விறகு வெடித்தது.
யாரோ மாத்தே உறிஞ்சினார்கள்.
நான் எழுதினேன்:
ஆட்சேபணை எவருக்கும் இல்லை.

மௌனம் சம்மதம் என்பதைக்
குறிப்பேடுகள் மட்டும் இன்னும் நம்புகின்றன.

கோப்பை கழுவப் போனேன்.
கூட்டம் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.
"கடைசிப் படகு நாலு மணிக்கு.
நாலரைக்கு விட்டால் நான் என்ன, நீந்தவா?"
இது நிபால்தோ.
"இன்னொருவர் பார்க்க நான் பாடம் நடத்தியதே இல்லை.
பலகையில் பிழை விட்டால்
பிள்ளைகள் சிரித்து மறந்துவிடும்..."
இஸ்மேனியா வாக்கியத்தை முடிக்கவில்லை.
"ஐந்து வருடத்தில் இது நான்காவது திட்டம்.
மூன்றாவது வந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை,
அதன்மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது."
இது ரூபெலிந்தா. எல்லாரும் சிரித்தார்கள்.
எலியோதோரோ மட்டும்
ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை
மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு இரண்டாவது பக்கம் ஒன்று எழுதினேன்,
பெயர்கள் இல்லாமல்.
காலையில் இரண்டையும் மேசையில் வைத்தபோது
என் சம்பளம் என் கண்முன் ஆடியது.

நின்றபடியே படித்தார். காது சிவந்தது.
"என்னிடம் ஏன் கேட்கவில்லை?"
"கேள்வி இருந்தால் கேட்டிருப்பார்கள், சென்யோரா.
இவர்களிடம் இருப்பது கேள்வி இல்லை."

அடுத்த வியாழன் திரையைத் தொடவில்லை.
சமையலறைக்கு வந்து ஈரக் கோப்பைகளைத் துடைத்தார்.
முதல் வாரம் உருளைக்கிழங்கு விலை பேசினோம்.
இரண்டாம் வாரமும் அதே விலை.
மூன்றாம் வாரம் நிபால்தோ படகைச் சொன்னார்.

படகுக்காரர் இறங்கி வரவில்லை.
சால்மன் பண்ணை ஆட்களுக்கு வீடு இல்லையா என்றார்.
பள்ளிதான் இறங்கி வந்தது:
காலை அரைமணி முன்னே.
இருட்டில் பிள்ளையை எழுப்பும் தாய்மார்கள்
இன்றும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.
இஸ்மேனியா தன் கூட்டாளியைத் தானே தேர்ந்தார்,
முதல் மாதம் கதவு சாத்தியே இருக்கும் என்ற பேச்சில்.
பூனையை இடம் மாற்றிப் பெட்டியைப் பிரித்தோம்.
உள்ளே நாற்பது உருப்பெருக்கிக் கண்ணாடிகள்!
ரூபெலிந்தா ஒன்றைத் தூக்கிப் பார்த்து,
"ஐந்தாவது திட்டம் வரட்டும்,
இதைத் தேடுவீர்கள்" என்றார்.
அவர் இன்னும் ஒப்பவில்லை. வகுப்பில் கெட்டிக்காரர்.

ஆகஸ்டில், வடக்குக் காற்று
கூரை ஓடுகளைப் பிய்த்த ஒரு பிற்பகலில்,
எலியோதோரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்.
"வலது காது கேட்பதில்லை. ஆறு வருடமாக.
ஒரு வகுப்பென்றால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன்.
இரண்டு வகுப்பின் இரைச்சலில்
எந்தப் பிள்ளை என்னைக் கூப்பிடுகிறது என்று
எனக்குத் தெரியாது."

யாரும் அசையவில்லை.
கிரிசெல்தா துணியைத் தோளில் போட்டு,
மேசையைச் சுற்றி நடந்து
அவருடைய இடப்பக்கம் போய் உட்கார்ந்தார்.
அப்புறம்தான் பேசினார்.

திட்டத்தில் இப்போது ஓர் ஓட்டை இருக்கிறது.
ஏழாம் வகுப்பு தனியாக, ஒரே ஆசிரியரோடு.
மேலிடத்து ஆய்வாளர் வந்து காரணம் கேட்டபோது
கிரிசெல்தா குறிப்பேட்டை நீட்டினார்.

'ஆட்சேபணைகள்' என்று தலைப்பிட்டு
நான் விடும் இடம் போதுவதில்லை.
எழுத்து ஓரத்தில் ஏறி, அட்டைக்குள் புகுந்து,
செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது.
வருடத்துக்கு ஒன்று போதும் என்றிருந்தவள்,
அச்சாவோவில் இன்னொன்று வாங்கி
மேலங்கிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு
படகேறினேன்.